இணையதளக் கண்காணிப்பு டேக்குகளைப் பராமரிப்பது எப்படி: நெல்லை வட்டாரச் சிறு வணிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

அல்வா, பத்தமடைப் பாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடிக் கருப்பட்டி என நெல்லைச் சீமையின் பெயர் சொல்லும் பொருள்கள் எல்லாம் இன்று இணையதளங்கள் வழியாகவும் விற்கப்படுகின்றன. தளம் திறந்த சில நாட்களிலேயே அதில் டேக்குகள் ஏறத் தொடங்கிவிடும். வருகையாளர் கணக்குக்குக் கூகுள் அனலிட்டிக்ஸ், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மெட்டா பிக்சல், தேடல் விளம்பரத்துக்குக் கூகுள் ஆட்ஸ், இவற்றோடு ஒரு சாட் பெட்டி, வருகையாளர் எங்கே அழுத்துகிறார் என்று காட்டும் ஒரு ஹீட்மேப் கருவி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சேர்ப்பதற்கு ஆள் கிடைக்கிறது. எடுப்பதற்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

டேக் என்பது நம் தளத்தைத் திறப்பவரின் பிரவுசரில் ஓடும் ஒரு சிறு நிரல். அவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதை அழுத்தினார், எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினார் என்ற விவரங்களை அது வெளியில் இருக்கும் ஒரு நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்புகிறது. அதாவது, நம்மை நம்பி வந்தவரைப் பற்றி நாம் இன்னொருவரிடம் சொல்லும் செய்தி அது. ஆகையால், "இந்த டேக் யாருடைய எந்தக் கேள்விக்கு விடை தருகிறது?" என்பதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்த டேக் தளத்தில் இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த ஒரு விதியிலிருந்து பிறந்தவை.

முதற்படி: கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

நிரலைத் தொடுவதற்கு முன் உரிமையைச் சரிபார்க்க வேண்டும். தளத்தைச் செய்து கொடுத்தவர் தம்முடைய சொந்த மின்னஞ்சலிலேயே டேக் மேனேஜர் (டேக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் கூகுளின் கருவி), அனலிட்டிக்ஸ், விளம்பரக் கணக்குகள் எல்லாவற்றையும் திறந்து வைத்திருப்பது நம் பகுதியில் சர்வசாதாரணம். அவர் வேலை மாறி வெளியூர் போய்விட்டால், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தரவும் அவருடனேயே போய்விடும். கடைப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதி வைப்பதற்கு ஒப்பான செயல் இது.

எனவே, கடையின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அதற்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, எல்லாக் கணக்குகளிலும் அதையே நிர்வாகியாகச் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி போதும். கூகுள் டேக் மேனேஜரில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும், அதாவது ஒரு தளத்தின் டேக்குகள் அடங்கிய தொகுப்புக்கும், பார்த்தல், திருத்துதல், ஒப்புதல் அளித்தல், வெளியிடுதல் என்று நான்கு நிலைகளில் அனுமதி தரலாம். வெளியிடும் அனுமதி இரண்டு பேரைத் தாண்டக் கூடாது. கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் பகிர்ந்து எல்லோரும் ஒரே கணக்கில் நுழையும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். யார் எதை மாற்றினார் என்ற வரலாறு அதனால் அழிந்துபோகிறது.

இரண்டாம் படி: இருப்பதைக் கணக்கெடுத்தல்

டேக் மேனேஜரைத் திறந்து பட்டியலைப் பார்த்தால் மட்டும் கணக்கெடுப்பு முடிந்துவிடாது. தளத்தின் தோற்றத்தை வகுக்கும் தீமுக்குள் நேரடியாக ஒட்டப்பட்டவை, கூடுதல் வசதிக்காகச் சேர்த்த வேர்ட்பிரஸ் பிளகின்கள் தாமாகச் சேர்த்தவை, பழைய டெவலப்பர் பக்கத்தின் அடிப்பகுதியான ஃபூட்டரில் வைத்துவிட்டுப் போனவை எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கும். பிரவுசர் உண்மையில் எதை அனுப்புகிறது என்பதைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

ஓர் அல்வாக் கடைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். கணினியில் குரோம் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் தளத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதிக்குச் செல்லுங்கள். பக்கம் மாறினாலும் பதிவு அழியாமல் இருக்கும் தேர்வை இயக்கிவிட்டு, வடிகட்டும் பெட்டியில் 'கலெக்ட்' என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். அனலிட்டிக்ஸுக்குப் போகும் கோரிக்கைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றிலும் 'டிஐடி' என்ற இடத்தில் ஜி என்ற எழுத்தில் தொடங்கும் கணக்கு அடையாளமும், 'ஈஎன்' என்ற இடத்தில் நிகழ்வின் பெயரும் இருக்கும். அரைக் கிலோ அல்வாவைக் கூடையில் போட்டுச் சோதனை ஆர்டர் ஒன்றை முடித்துப் பாருங்கள். அதே கணக்கு அடையாளத்துக்கு 'பர்ச்சேஸ்' நிகழ்வு இரண்டு முறை போகிறது என்றால், அனலிட்டிக்ஸ் நிரல் தீமிலும் இருக்கிறது, டேக் மேனேஜரிலும் இருக்கிறது என்று ஊகிக்கலாம். விளம்பர அறிக்கையில் விற்பனை இருமடங்காகத் தெரிந்து, கல்லாப்பெட்டி மட்டும் அப்படியே இருப்பதற்குப் பல கடைகளில் காரணம் இதுதான்.

மெட்டா பிக்சலுக்கும் இதே முறைதான். ஃபேஸ்புக் முகவரியோடு 'டிஆர்' என்று வரும் கோரிக்கைகளைத் தேட வேண்டும். முகப்பு, பொருள் பக்கம், கூடை, பணம் செலுத்தும் பக்கம், நன்றிப் பக்கம், தொடர்புப் பக்கம் ஆகிய ஆறிலும் இதைச் செய்து, எந்தெந்த வெளி முகவரிகளுக்குத் தகவல் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். யுஏ என்று தொடங்கும் பழைய அனலிட்டிக்ஸ் நிரல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடலாம். அந்தப் பழைய முறையில் வழக்கமான கணக்குகளுக்குத் தரவு சேர்வது 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது.

மூன்றாம் படி: டேக் பதிவேடு

கணக்கெடுத்தவற்றை ஒரு கூகுள் ஷீட்டில் எழுதுங்கள். டேக்கின் பெயர், எந்த நிறுவனத்துக்குத் தகவல் போகிறது, எந்தப் பக்கங்களில் இயங்குகிறது, என்னென்ன விவரங்களை அனுப்புகிறது, எந்தக் கேள்விக்காக வைத்தோம், பொறுப்பாளர் யார், எந்தத் தேதியில் மறுபரிசீலனை என்று ஏழு பத்திகள் போதும். கேள்விப் பத்தியில் "மார்க்கெட்டிங்குக்காக" என்று எழுதுவது விடையாகாது. "தீபாவளிக்கு இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் போட்ட பணம் எத்தனை ஆர்டராகத் திரும்பி வந்தது?" என்பது கேள்வி.

பதிவேட்டை எழுதி முடித்ததும் கேள்விப் பத்தி காலியாக இருக்கும் டேக்குகளை உடனே அழித்துவிடாமல், முதலில் இடைநிறுத்துங்கள். டேக் மேனேஜரில் அதற்கான வசதி இருக்கிறது. ஒரு மாதம் வரை யாரும் "அந்த அறிக்கை ஏன் வரவில்லை?" என்று கேட்காவிட்டால் நீக்கிவிடலாம். டேக்குகள் குறைவதால் தளத்தின் வேகமும் கூடும். விலை குறைந்த போனில், சிக்னல் மங்கும் மலையடிவார ஊரிலிருந்து தளத்தைத் திறப்பவருக்கு அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எவ்வளவு விரைவாகப் பதில் கிடைக்கிறது என்பதையும் 2024 மார்ச் முதல் கூகுள் தன் முதன்மை அளவுகோல்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. டேக்குகள் மிகுந்த தளங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன.

நான்காம் படி: எல்லாவற்றையும் ஒரே கன்டெய்னருக்குள் கொண்டுவருதல்

எஞ்சிய டேக்குகளை டேக் மேனேஜரின் ஒரே கன்டெய்னருக்குள் மாற்றி, தீமிலும் பிளகின்களிலும் உள்ள நகல்களை நீக்கிவிட வேண்டும். கன்டெய்னரின் முதல் நிரல் துண்டு பக்கத்தின் ஹெட் பகுதியில் இயன்றவரை மேலே இருக்க வேண்டும். இரண்டாவது துண்டு பாடி தொடங்கியவுடன் வர வேண்டும்.

பெயரிடும் முறையை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நிறுவனம், வகை, நோக்கம் என்ற வரிசையில் "ஜிஏ4 - நிகழ்வு - போன் அழைப்பு", "மெட்டா - நிகழ்வு - ஆர்டர்" என்று வைத்தால், ஆறு மாதம் கழித்து வரும் புதியவருக்கும் புரியும் (ஜிஏ4 என்பது கூகுள் அனலிட்டிக்ஸின் இன்றைய பதிப்பு). அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் நிகழ்வுப் பெயர்கள் 40 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும் என்பதால், எல்லாவற்றையும் சிறிய எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. வருகையாளர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட விளம்பர இணைப்புகளில் சேர்க்கும் யுடிஎம் குறிகளுக்கும் இது பொருந்தும். தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பில் யுடிஎம் குறியைச் சேர்க்கவே கூடாது. வாடிக்கையாளர் உண்மையில் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் அதனால் மறைந்துபோகும்.

ஆர்டர் தொகை, ஆர்டர் எண், பொருளின் பெயர் போன்ற விவரங்களைத் திரையில் தெரியும் எழுத்துகளிலிருந்து பிடுங்கி எடுக்கும்படி டேக்கை அமைக்காதீர்கள். வடிவமைப்பாளர் விலையின் இடத்தைச் சற்று மாற்றினாலே அது உடைந்துவிடும். தளமே அந்த விவரங்களை டேட்டா லேயரில் (டேக்குகள் படிப்பதற்கென்று பக்கத்துக்குள் வைக்கும் தகவல் பட்டியலில்) ஒழுங்காக வைக்க, டேக்குகள் அங்கிருந்து எடுத்துக்கொள்வதே நிலைத்து நிற்கும் முறை.

ஐந்தாம் படி: சரியானதை அளத்தல்

நம் பகுதி வணிகத்தின் இயல்பு இங்கேதான் கவனிக்கப்பட வேண்டும். தளத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நாளைக்கு அனுப்பிருவியளா?" என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே ஆர்டர் தருபவர்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்புபவர்கள் அதைவிட அதிகம். நன்றிப் பக்கத்தை மட்டும் அளந்தால் இந்த விற்பனை முழுவதும் கணக்கில் வராமல் போய், நன்றாக வேலை செய்யும் விளம்பரத்தைப் பயனற்றது என்று நிறுத்திவிட நேரும்.

போன் எண்ணைத் தொடுவதை அளக்க, முதலில் டேக் மேனேஜரில் கிளிக் முகவரிக்கான வேரியபிளை (அழுத்திய இணைப்பின் முகவரியைத் தருவது) இயக்கி, இணைப்புகளை மட்டும் கவனிக்கும் ஒரு கிளிக் டிரிகரை (டேக் எப்போது இயங்க வேண்டும் என்ற விதி) அமைத்து, முகவரி 'டெல்' என்று தொடங்கினால் இயங்கு என்று நிபந்தனை வைக்க வேண்டும். வாட்ஸ்அப் இணைப்புக்கும் அதே முறையில் தனி டிரிகர் ஒன்று. இரண்டுக்கும் வெவ்வேறு நிகழ்வுப் பெயர் கொடுங்கள். ஏனெனில் போன் செய்பவரும் வாட்ஸ்அப்பில் வருபவரும் பெரும்பாலும் வேறு வேறு வயதினர், வேறு வேறு ஊரினர். அழுத்தியவர் எல்லோரும் வாங்கியவர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்து, அழைப்பு எடுப்பவரிடம் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுத்து, அழைப்புகளில் எத்தனை ஆர்டராக முடிந்தன என்று எழுதச் சொல்லுங்கள். எந்த டேக்கும் தர முடியாத விடை அந்தக் குறிப்பேட்டில் கிடைக்கும்.

பணம் செலுத்தும் வழியில் இரண்டு சிக்கல்கள் உண்டு. யுபிஐ செயலிக்குப் போய்ப் பணம் கட்டியவர் அங்கேயே நின்றுவிட்டு, நம் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பாமல் போகலாம். அந்த ஆர்டர் அனலிட்டிக்ஸில் பதிவாகாது. திரும்பி வந்தாலும், அவர் பணப் பரிமாற்றத்தை நடத்தும் பேமென்ட் கேட்வே தளத்திலிருந்து வந்தவராகக் கணக்கிடப்பட்டு, விளம்பரத்துக்குச் சேர வேண்டிய பெயர் கேட்வேக்குப் போய்விடலாம். இரண்டாவதைத் தவிர்க்க, அனலிட்டிக்ஸ் அமைப்பில் தேவையற்ற பரிந்துரைத் தளங்களின் பட்டியலில் கேட்வேயின் டொமைனைச் சேர்த்துவிடலாம். முதலாவதற்கு, ஆர்டர் உறுதியான தகவலைத் தளத்தின் சர்வரிலிருந்தே அனுப்பும் ஏற்பாடு வேண்டும். அதற்கு டெவலப்பரின் உதவி தேவை.

ஆர்டர் நிகழ்வோடு ஆர்டர் எண்ணைக் கட்டாயம் அனுப்புங்கள். வாடிக்கையாளர் நன்றிப் பக்கத்தை மறுபடி திறந்தால் அதே ஆர்டர் இரண்டாம் முறை எண்ணப்படாமல் இருக்க அது உதவும். அந்த இடம் வெற்றாக அனுப்பப்பட்டால் நேர்மாறான கேடு வரும்: வெற்று எண்ணுள்ள எல்லா ஆர்டர்களையும் அனலிட்டிக்ஸ் ஒரே ஆர்டரின் நகல்களாகக் கருதிவிடும்.

ஆறாம் படி: சம்மதமும் சட்டமும்

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது; அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவைக் கையாள்வோருக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் அமைந்துள்ளன. அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. சம்மதம் கட்டாயமின்றியும், குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும், தெளிவான ஒரு செயலின் மூலமும் தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். தமிழும் அந்த அட்டவணையில் இருப்பதால், தமிழில் விற்கும் தளம் ஆங்கிலத்தில் மட்டும் சம்மதம் கேட்பது எவ்வகையிலும் முறையாகாது.

அறிவிப்பின் வாசகம் நேராக இருக்கட்டும்: "எந்த விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் வந்தீர்கள் என்று அறிய, உங்கள் வருகை விவரத்தைக் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் அனுப்ப விரும்புகிறோம். நீங்கள் மறுத்தாலும் வழக்கம்போல் ஆர்டர் செய்யலாம்." அதன் கீழே 'சம்மதம்', 'வேண்டாம்' என்ற இரு பொத்தான்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். பக்கத்தின் அடியில் 'சம்மதத்தை மாற்ற' என்ற இணைப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

டேக் மேனேஜரில் இதற்கென்று, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இயங்கும் சம்மதத் தொடக்க டிரிகர் இருக்கிறது. அதில் விளம்பரச் சேமிப்பு, அனலிட்டிக்ஸ் சேமிப்பு, விளம்பரத்துக்கான பயனர் தரவு, தனிப்பயன் விளம்பரம் ஆகிய நான்கையும் 'மறுக்கப்பட்டது' என்று தொடங்கி, வருகையாளர் சம்மதித்த பிறகே மாற்ற வேண்டும். சம்மதம் கிடைக்கும் வரை டேக்கே இயங்காமல் இருப்பது ஒரு முறை. குக்கீ (பிரவுசரில் சேமிக்கப்படும் அடையாளக் கோப்பு) இல்லாமல் சிறு குறிப்பு மட்டும் அனுப்புவது இன்னொரு முறை. சிறு வணிகருக்கு நான் முதல் முறையையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் வாடிக்கையாளர் கேட்டால் அதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிட முடியும். ஐரோப்பாவில் குடியேறிய நம் ஊர்க்காரர்களுக்குப் பார்சல் அனுப்பும் கடைகள், 2018 மே முதல் அங்கே நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டைப் பள்ளிகளும் பயிற்சி மையங்களும் இந்தப் படியை இருமுறை படிப்பது நல்லது. இந்தியச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தையே. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறினால் அபராதம் ரூ.200 கோடி வரை போகலாம். கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் உள்ள விலக்கு கல்விப் பணிக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் உரியது. விளம்பர பிக்சலுக்கு அது இடம் தராது. மாணவர்கள் உள்நுழைந்து மதிப்பெண் பார்க்கும் பக்கங்களில் எந்த விளம்பர டேக்கும் இருக்கக் கூடாது.

பெயர், போன் எண், மின்னஞ்சல் போன்றவற்றை அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவதைக் கூகுளே தன் விதிகளில் தடை செய்திருக்கிறது. நாம் வேண்டுமென்றே அனுப்புவதில்லை. ஆனால் படிவத்தை நிரப்பியதும் பக்க முகவரியிலேயே போன் எண் வந்து நிற்கும் தளங்கள் பல. சோதனை ஆர்டர் போடும்போது முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். அங்கே எண் தெரிந்தால், படிவத்தின் அமைப்பை மாற்றச் சொல்லுங்கள். அதுவரை அனலிட்டிக்ஸில் உள்ள தரவு மறைப்பு வசதியை இயக்கி வையுங்கள்.

ஏழாம் படி: பாதுகாப்பு

வெளியிலிருந்து வரும் நிரல் இன்று நல்லதாக இருக்கலாம். நாளை அதன் உரிமையாளர் மாறலாம். பாலிஃபில் என்ற பெயரில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் பயன்படுத்திய ஒரு நிரல் முகவரி கைமாறியதும், 2024 ஜூனில் அதன் வழியாகத் தீய நிரல் பரவியது. தளத்தின் சொந்தக்காரர்கள் எதையும் மாற்றவில்லை. என்றோ சேர்த்ததை மறந்திருந்தார்கள், அவ்வளவே.

ஆகையால், 'கஸ்டம் எச்டிஎம்எல்' வகை டேக்குகளைக் கூடுமானவரை தவிர்த்து, டேக் மேனேஜரில் கிடைக்கும் ஆயத்த வார்ப்புகளைப் பயன்படுத்துங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் சாட் பெட்டி, ஹீட்மேப், விளம்பர டேக் எதுவும் வேண்டாம். கார்டு பணப் பரிமாற்றங்களுக்கான உலகத் தரநிலையான பிசிஐ டிஎஸ்எஸ், பணம் செலுத்தும் பக்கத்தில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் எழுத்துப்பூர்வமான காரணத்தோடு பட்டியல் வைத்திருப்பதை 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. மூன்றாம் படியில் தொடங்கிய பதிவேடு இங்கேயும் கைகொடுக்கும்.

எட்டாம் படி: சோதித்து வெளியிடுதல்

எந்த மாற்றத்தையும் பிரீவியூ முறையில் பார்க்காமல் வெளியிடக் கூடாது. டேக் இயங்க வேண்டிய இடத்தில் இயங்குகிறதா என்பதோடு, இயங்கக் கூடாத இடத்தில் இயங்காமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டு எல்லாப் பக்கங்களையும் ஒருமுறை சுற்றி வருவதைச் சோதனையின் கட்டாயப் பகுதியாக வையுங்கள். ஐபோனிலும் சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

வெளியிடும்போது பதிப்புக்கு ஒரு பெயரும், எதை ஏன் மாற்றினோம் என்ற இரண்டு வரிக் குறிப்பும் எழுதுங்கள். கோளாறு வந்தால் முந்தைய பதிப்பை மறுபடி வெளியிட்டு உடனே மீண்டுவிடலாம். பெரிய மாற்றத்துக்கு முன் கன்டெய்னரை ஏற்றுமதி செய்து ஒரு நகலைப் பத்திரப்படுத்துங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களும், குற்றாலச் சீசனை நம்பியிருக்கும் விடுதிகளுக்குச் சாரல் உச்சத்தில் இருக்கும் நாட்களும், டேக்குகளைத் தொடக் கூடாத நாட்கள்.

ஒன்பதாம் படி: தொடர்ந்து பார்த்துக்கொள்ளுதல்

வாரம் ஒருமுறை அனலிட்டிக்ஸில் உள்ள ஆர்டர் எண்ணிக்கையைக் கடையின் ஆர்டர் பதிவோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. சம்மதம் மறுப்பவர்களும் டேக்குகளைத் தடுக்கும் பிரவுசர்களைப் பயன்படுத்துபவர்களும் கணக்கில் வர மாட்டார்கள். சஃபாரி பிரவுசர் பக்க நிரல் வைக்கும் குக்கீயை ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருக்காது என்பதால், பத்து நாள் யோசித்து வாங்குபவர் அங்கே புதியவராகவே தெரிவார். இடைவெளி ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. திடீரென்று விரிந்தால் ஏதோ டேக் உடைந்திருக்கிறது. திடீரென்று மறைந்தால் ஏதோ இருமுறை எண்ணப்படுகிறது. அனலிட்டிக்ஸ் தனிப்பட்ட நிகழ்வு விவரங்களை இரண்டு மாதம்தான் வைத்திருக்கும்படி ஆரம்பத்தில் அமைந்திருக்கும். சென்ற தீபாவளியோடு இந்தத் தீபாவளியை ஒப்பிட விரும்புபவர் அதை 14 மாதமாக மாற்றி, அந்தக் காலத்தையும் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

பண்டிகைக்கால விளம்பர டேக்குகளுக்குத் தொடக்க நாளையும் முடிவு நாளையும் டேக் மேனேஜரின் கால அட்டவணை வசதியிலேயே கொடுத்துவிடுங்கள். பண்டிகை முடிந்தால் தாமாகவே நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டாம் படியின் கணக்கெடுப்பைத் திரும்பச் செய்து, பதிவேட்டில் இல்லாத முகவரி ஏதேனும் புதிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். விளம்பர ஏஜென்சியோ டெவலப்பரோ வேலையை விட்டு விலகும் நாளில், கடைசி பில்லைத் தீர்ப்பதற்கு முன்பே, அவருடைய அனுமதிகளை எல்லாக் கணக்குகளிலிருந்தும் நீக்கி, அவர் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு டேக்குக்கும் புதிய பொறுப்பாளரின் பெயரை எழுதுங்கள். பெயர் எழுத ஆள் கிடைக்காத டேக்கை அன்றைக்கே இடைநிறுத்திவிடுங்கள்.